ஐந்தடியில் ஒருவர் மயங்கிக் கிடந்தால்: கோலாலம்பூரில் உதவ வரும் புதியவர்களுக்கு

சனிக்கிழமை இரவு 10 மணிக்கு மேல் கோத்தா ராயா, பசார் செனி, மஸ்ஜித் இந்தியா பக்கம் ஐந்தடியில், அதாவது கடைவரிசைகளின் முன்னால் உள்ள நடைபாதையில், படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க எங்களோடு முதல்முறை வருகிறவர்கள், வேனில் ஏறியதுமே ஒரு கேள்வி கேட்பார்கள். "யாராவது உடம்புக்கு முடியாமல் கிடந்தால் நான் என்ன செய்வது? எனக்குப் பிளாஸ்டர் ஒட்டத்தான் தெரியும்." அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம், கால் புண்ணோடு காய்ச்சலில் கிடந்த ஓர் ஐயாவை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அதே தூணடியில் அவரைப் பார்த்தேன். மருத்துவமனையில் போட்ட கட்டு அழுக்கேறி, மழையில் ஊறி, அப்படியே இருந்தது. தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. பிறகு அவருடைய இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கூட ஒருவர் போயிருந்தால் அந்த விரல்கள் இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால் கீழே உள்ளதில் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: கூடப் போங்கள்.

கிளம்பும் முன்

தனியாகப் போகக் கூடாது. குறைந்தது இரண்டு பேர் வேண்டும், ஒருவராவது மலாய் சரளமாகப் பேச வேண்டும். கைப்பேசியில் முழு சார்ஜ். பையில் கையுறை, சுத்தமான தண்ணீர் பாட்டில், கட்டுத்துணி, பஞ்சு, இனிப்புப் பானம் நாலைந்து பெட்டி, சீனி, ஒரு கைலி, ஒரு ஜோடி செருப்பு. மருத்துவமனையிலிருந்து வெளியே விடும்போது பலருக்குக் காலில் செருப்பு இருக்காது. அப்புறம் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். பையிலேயே அதிகம் பயன்படும் பொருள் அந்த நோட்டுதான்.

மாத்திரை எடுத்துப் போகாதீர்கள். தலைவலிக்கு என்று நீங்கள் கொடுக்கும் மாத்திரை, ஈரல் கெட்டுப்போன ஒருவருக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது.

பக்கத்தில் போவது

தூங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று தூரத்திலிருந்து தெரியாது. கால்மாட்டுப் பக்கமாக நின்று குரல் கொடுங்கள். தெருவில் தூங்குகிறவர்களை யார் யாரோ வந்து எழுப்பி விரட்டியிருப்பார்கள், பொருளைப் பிடுங்கியிருப்பார்கள். தலைமாட்டில் நின்று தொட்டால் பயத்தில் கையை வீசிவிடுவார். நம்மவர் என்று தெரிந்தால் "அண்ணே", "ஐயா", "அம்மா" என்று கூப்பிடுங்கள். மலாய்க்காரர் என்றால் "பாக்சிக்" அல்லது "மாக்சிக்", சீனர் என்றால் "அங்கிள்", "ஆண்ட்டி". கண் திறந்து பதில் சொன்னால் முதலில் பெயரைக் கேளுங்கள். சொன்ன பெயரை உடனே நோட்டில் எழுதுங்கள்.

பதில் இல்லையென்றால் தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அப்போதும் இல்லையென்றால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று 10 வினாடிக்கு மேல் போகாமல் பாருங்கள். கரையில் போட்ட மீன் போல எப்போதாவது ஒருதரம் வாயைத் திறந்து மூடுவது மூச்சில்லை, ஏமாந்துவிடாதீர்கள். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 999க்கு அழைக்க, மற்றவர் நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் உள்ளே இறங்கும்படி. வாயில் ஊதத் தயக்கமாக இருந்தால் ஊத வேண்டாம், அமுக்குவதை மட்டும் நிறுத்தாதீர்கள். கை ஓய்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூச்சு இருக்கிறது, நினைவு இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் வெளியே போய்விடும். விழுந்து அடிபட்டவராகத் தெரிந்தால் கழுத்து முறிந்திருக்கலாம். மூச்சு அடைக்கிற ஆபத்து இல்லாதவரை அசைக்க வேண்டாம்.

"குடித்துவிட்டுக் கிடக்கிறான்"

இந்த ஒரு வார்த்தையால் பறிபோன உயிர்கள் எத்தனையோ. பக்கத்துக் கடைக்காரர் சொல்வார், காவலாளி சொல்வார், சில சமயம் கூடப் படுத்திருக்கிற நண்பரே சொல்வார். வாடையும் அடிக்கும். சரி, குடித்திருக்கட்டும். குடித்தவருக்குச் சர்க்கரை இறங்காதா? பக்கவாதம் வராதா? படியில் விழுந்து மண்டைக்குள் ரத்தம் கசியாதா? குடித்தவருக்கு இவை எல்லாமே மற்றவர்களைவிட அதிகம் வரும்.

சர்க்கரை இறங்குவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களிடம் அதிகம் பார்ப்பது அதுதான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுவார், சாப்பாடு மட்டும் கிடைத்திருக்காது. உடம்பெல்லாம் குப்பென்று வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், எரிந்து விழுவார். பார்க்கிறவருக்கு அச்சு அசலாகக் குடிகாரர்தான். விழித்திருந்து விழுங்க முடிகிறவர் என்றால் ஓர் இனிப்புப் பானம், அல்லது 3, 4 தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். 15 நிமிடம் கூடவே உட்காருங்கள். தெளிந்தால் சோறு கொடுங்கள், ஆனாலும் மருத்துவமனைக்குப் போவதுதான் நல்லது. சில மாத்திரைகள் சர்க்கரையை மறுபடியும் இறக்கிவிடும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட.

பக்கவாதத்துக்கு மூன்று கேள்வி போதும். "சிரிங்க ஐயா", "இரண்டு கையையும் தூக்குங்க", "உங்க பேர் என்ன?" வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை கீழே விழுந்தால், பேச்சு புரியாமல் போனால் உடனே 999. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள்தான் பொதுவாகப் போடுவார்கள். டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" அதற்குப் பதில் தெரிந்தவர் பக்கத்தில் படுத்திருக்கும் ஆள்தான். அவரை எழுப்பிக் கேட்டு, நேரத்தை நோட்டில் எழுதுங்கள்.

வலிப்பு வந்தால் நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு, சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது. அதனால் பலனில்லை, கையைத்தான் கிழிக்கும். பல்லுக்கு இடையில் கரண்டி வைப்பது அதைவிட ஆபத்து. பக்கத்தில் உள்ள பொருட்களை விலக்குங்கள், தலைக்குக் கீழே கைலியை மடித்து வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, அவருக்கு இதுவே முதல் தடவை என்றாலோ 999. தினமும் குடித்தவர் கையில் காசில்லாமல் ஒன்றிரண்டு நாள் நிறுத்தியதாலும் வலிப்பு வரும். அதனால் "நேற்றிலிருந்து நான் குடிப்பதில்லை" என்று ஒருவர் நடுங்கிக்கொண்டே பெருமையாகச் சொன்னால், பாராட்டுங்கள், ஆனால் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். அந்த நடுக்கத்துக்கு மருத்துவம் வேண்டும்.

மலிவான சாராயம் தனிக் கதை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்த மதுவைக் குடித்துப் பல பேர் இறந்துபோனார்கள். இதில் கொடுமை, குடித்த உடனே ஒன்றும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, மேல்மூச்சு வாங்குவது, கண் மங்குவது எல்லாம் வரும். "பனிமூட்டம் போலத் தெரியுது" என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். கூடக் குடித்த எல்லாரையும் தேடிப் பிடித்து அழைத்துப் போங்கள், மற்றவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாவிட்டாலும்கூட. பாட்டில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புண்ணும் காய்ச்சலும்

ஐந்தடியில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவது கால் புண். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடும், ஆணி குத்தியதே தெரியாது. கமாட் எண்ணெய் (கடல் அட்டை எண்ணெய்), மஞ்சள் தூள், கிருமிநாசினி என்று ஆளுக்கொன்று ஊற்றியிருப்பார்கள். நீங்கள் எதையும் ஊற்றாதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, கட்டுத்துணி போட்டு மூடுங்கள். புழு இருந்தால் நோண்டி எடுக்க வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியே மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

விரல் கறுத்திருந்தால், சிவப்பு காலில் மேலே ஏறினால், நாற்றத்தோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால், பேச்சில் தடுமாற்றம் வந்தால், இது நாளைக்குப் பார்க்கிற விஷயம் இல்லை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் என்றால் எல்லாரும் டெங்கி என்பார்கள். பின்சந்தில் படுக்கிறவருக்கு எலிக்காய்ச்சலும் வரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போனால் போதும், மழை வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் அதிகம். கெண்டைக்கால் கடுமையாக வலிக்கும், கண் சிவக்கும், பிறகு மஞ்சளாகும். "இவர் எலி ஓடுகிற சந்தில் படுக்கிறார்" என்று டாக்டரிடம் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் அவர் அந்தக் கோணத்தில் யோசிக்காமலே போகலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவு வியர்வை, உடம்பு இளைப்பது என்றால் காசநோய்ப் பரிசோதனை. அன்றிரவு ஓட வேண்டியதில்லை, ஆனால் சளியில் ரத்தம் வந்தால் ஓடத்தான் வேண்டும்.

சாகப்போகிறேன் என்று சொல்கிறவரைத் தனியே விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கத்தியோ மருந்தோ இருக்கிறதா என்று கவனியுங்கள். அவசரப் பிரிவு இதற்கும்தான். பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பின் எண் 03-76272929.

999இல் என்ன சொல்வது

முதலில் எடுப்பவர் எந்தச் சேவை வேண்டும் என்று கேட்பார். ஆம்புலன்ஸ் என்றதும் மருத்துவமனையின் அழைப்பு மையத்துக்கு மாற்றிவிடுவார். அந்த இடைவெளியில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து நீங்களும் வைத்துவிடாதீர்கள்.

"கெலண்டாங்கான்" (வீடற்றவர்) என்ற சொல்லையும் "மாபோக்" (குடிபோதை) என்ற சொல்லையும் முதலில் சொல்ல வேண்டாம் என்பது என் அனுபவம். மறைக்கச் சொல்லவில்லை, கேட்டால் சொல்லுங்கள். ஆனால் முதல் வாக்கியத்தில் நோயாளிதான் இருக்க வேண்டும்: "லெலாக்கி, உமூர் லெபே குராங் லீமா புலோ, தாக் செடார், தாப்பி மாசே பெர்னாஃபாஸ்." ஆண், வயது ஐம்பது இருக்கும், நினைவில்லை, மூச்சு இருக்கிறது. இவ்வளவு போதும், மற்றதை அவர்களே கேட்பார்கள்.

இடத்தைச் சொல்வதில்தான் நேரம் வீணாகும். கடைவீதியின் ஐந்தடிக்குக் கதவு எண் தெரியாது, பாதித் தெருக்களுக்கு பெயர்ப்பலகையும் கண்ணில் படாது. எல்.ஆர்.டி ரயில் நிலையத்தின் பெயர், எந்த வாசல், எதிரே என்ன கடை, எந்த வங்கி என்று சொல்லுங்கள். ஒருவரைப் பெரிய சாலைக்கு அனுப்பிக் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள்.

வர மாட்டேன் என்றால்

இது அடிக்கடி நடக்கும். பிடிவாதம் என்று நினைத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். காரணத்தைக் கேளுங்கள்.

பலருக்குக் காரணம் அவர்களுடைய பை. ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரத்தின் நகல், அம்மாவின் படம், மாற்றுச் சட்டை, எல்லாம் அதில்தான். போய்விட்டு வந்தால் அது இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும், ஏற்கெனவே இரண்டு தடவை பறிகொடுத்திருப்பார்கள். "பையை நானே கொண்டு வருகிறேன், உங்கள் கண் முன்னாலேயே இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் எழுந்து வருவார்கள். சொன்னால் அதைக் காப்பாற்றுங்கள். ஆம்புலன்ஸில் பைக்கு இடமில்லையென்றால் நம் வண்டியில் பின்னாலேயே போக வேண்டும். நாய் வளர்ப்பவருக்கு நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

சிலருக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்படி அவர்களைப் பிடித்து அரசு இல்லங்களுக்கு அனுப்ப முடியும், சோதனை நடவடிக்கைகளில் சிக்கியவர்கள் அதை மறக்க மாட்டார்கள். மருத்துவமனை அதற்கான இடமில்லை என்று விளக்கலாம். ஆனால் ஆவணமில்லாத வெளிநாட்டவரிடம் பொய் வாக்குறுதி கொடுக்காதீர்கள். அரசு மருத்துவமனைகள் குடிநுழைவு அதிகாரிகளுக்கோ போலீஸுக்கோ தெரிவிக்கும் நடைமுறை 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலிருந்து இருக்கிறது. உள்ளதைச் சொல்லி, உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள், முடிவு அவருடையது.

தெளிவாகப் பேசுகிற ஒருவர் வேண்டாம் என்றால் இழுத்துப்போக முடியாது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டால் காத்திருக்காமல் அழையுங்கள்.

மருத்துவமனையில்

நகர மையத்திலிருந்து பெரும்பாலும் ஜாலான் பஹாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனைக்குத்தான் போவோம், நம்மவர்கள் பலர் இன்னும் ஜி.எச். என்றே சொல்வார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ், பங்சார் பக்கமென்றால் லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம். செராஸ் பக்கமென்றால் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை. உயிர் போகும் நிலையில் பக்கத்தில் தனியார் மருத்துவமனைதான் இருக்கிறது என்றால் தயங்க வேண்டாம். 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார நிலையங்கள் சட்டத்தின் 38ஆம் பிரிவு, உயிர்காக்கும் அவசரச் சிகிச்சையை யாருக்கும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்கிறது.

நுழைந்ததும் மூன்று நிறத்தில் பிரிப்பார்கள். சிவப்பு உடனே, மஞ்சள் அடுத்து, பச்சை பொறுத்திருக்க வேண்டியது. பச்சையில் மணிக்கணக்காக உட்கார நேரலாம். அந்த நேரத்தில்தான் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். பசி, சிகரெட், பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்துவது. கூட உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருங்கள். நிலை மோசமானால் எழுந்து போய்ச் சொல்லுங்கள், பச்சையில் போட்டவரை மறுபடி பார்த்து மாற்றுவார்கள்.

ஐசி இல்லையென்றாலும் அவசரச் சிகிச்சை தொடங்கும். ஆனால் கட்டணத்துக்குக் குடியுரிமை முக்கியம். குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிப் பதிவு 1 ரிங்கிட்தான், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. நம்மில் இங்கேயே பிறந்து பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், தோட்டம் விட்டு வந்த குடும்பங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்களையும் கணினி வெளிநாட்டவராகவே காட்டும். பில்லைப் பார்த்து ஓடிவிட வேண்டாம். மருத்துவச் சமூகப்பணிப் பிரிவைக் கேளுங்கள், மலாயில் கெர்ஜா சோசியல் பெருபாத்தான். கட்டணக் குறைப்பு, தங்குமிடம், உறவினரைத் தேடுவது எல்லாம் அவர்கள் மேசை வழியாகத்தான் நடக்கும். இரவில் அந்த அலுவலகம் மூடியிருந்தால் காலையில் வந்து பார்க்கும்படி வார்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஐநா அகதி அட்டை உள்ளவருக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு.

ஒரு விஷயம். டாக்டரிடம் நோயாளியைப் பேச விடுங்கள். நமக்குத் தெரியும் என்று முந்திக்கொண்டால் அவர் வாயை மூடிக்கொள்வார். மொழி தடுக்கும் இடத்தில் மட்டும் உதவுங்கள்.

வெளியே விடும்போது

என் கணக்கில் இதுதான் ஆபத்தான நேரம். விடியற்காலை 4 மணிக்கு ஒரு மருந்துப் பொட்டலமும் சீட்டும் கொடுத்து "வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள். வீடு இல்லை என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள், டாக்டரிடமே சொல்லுங்கள். இவர் ஐந்தடியில் படுக்கிறார், இந்தக் கட்டு நனையும், மருந்தை வைக்கக் குளிர்பெட்டி இல்லை. இன்சுலின் எழுதியிருந்தால் வெயிலில் எப்படிக் காப்பது என்று கேளுங்கள். மூன்று வேளை மாத்திரையை ஒரு வேளையாக மாற்ற முடியுமா, உணவுக்குப் பிறகு என்றால் உணவு கிடைக்காத நாளில் என்ன செய்வது என்றும் கேளுங்கள். கேட்டால் பல டாக்டர்கள் மாற்றித் தருவார்கள்.

கட்டு மாற்ற எந்த கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார கிளினிக்), எத்தனை மணிக்கு, எந்த பஸ் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கு வாசிக்க வராவிட்டால் நாட்களைக் கோடுகளாகப் போட்டுக் கொடுங்கள். படுக்க இடம் வேண்டுமென்றால் மாநகராட்சியின் வீடற்றோர் தங்குமிடம் ஜாலான் பஹாங்கிலேயே இருக்கிறது. குழந்தையோடு இருக்கும் பெண், முதியவர், மாற்றுத்திறனாளி என்றால் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 எண்ணுக்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஜாலான் இம்பி பக்கம் இலவசச் சாப்பாடு கொடுக்கும் கெச்சாரா சூப் கிச்சன், தெருவில் இலவசமாக மருத்துவம் பார்க்கும் டெடி மொபைல் கிளினிக் போன்றவர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நாம் வாரத்தில் ஒரு நாள்தான் போகிறோம், மற்ற நாட்களில் கண்ணில் படுகிறவர்கள் அவர்கள்.

நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், ஊர், அப்பா பெயர் சொன்னால் அதுவும், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது, எங்கே படுக்கிறார், அடுத்து எப்போது மருத்துவமனை போக வேண்டும். அவர் சம்மதத்தோடு எழுதுங்கள், வெளியாரிடம் காட்டாதீர்கள். நினைவில்லாமல் பெயரே தெரியாதவராக ஒருவர் கொண்டுபோகப்பட்ட நாளில், உறவினரைத் தேடும் போலீஸுக்கு அந்த ஒரு பக்கம் மட்டுமே ஆதாரமாக இருந்ததுண்டு. அவருடைய தங்கை தைப்பிங்கிலிருந்து வந்து சேர்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை சோறு கொடுக்கத் தொடங்கும் முன் நோட்டைத் திறந்து, போன வாரம் மருத்துவமனை போனவர்களின் இடத்துக்கு முதலில் போங்கள். கட்டு மாறியிருக்கிறதா, மருந்து மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். ஆள் இல்லையென்றால் பக்கத்தில் படுப்பவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.